செய்மதியும் செருக்களமும்



போர் என்றதும் நம் நினைவுக்கு வருவன வாளும் வேலும், பீரங்கியும் விமானமுமே. ஆயினும் படை நடத்தியோர் எக்காலத்திலும் படைக்கலத்துக்கு ஒப்பாகப் போற்றிவந்த பொருள் ஒன்றுண்டு, அது செய்தி. வள்ளுவர் தூதுக்கு ஓர் அதிகாரமும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமும் தனியே வகுத்தமை இக்காரணம் பற்றியே எனலாம். பகைவன் இருக்குமிடம் அறியாத தானையும், தலைவனின் கட்டளை எட்டாத தானையும், எத்துணைப் பெரிதாயினும் கண்ணும் செவியும் இழந்த யானையை ஒக்கும். ஓலை கொண்டுசென்ற குதிரைவீரன், மலையுச்சியில் மூட்டிய தீ, தந்திக் கம்பி, வானொலி என்று வளர்ந்துவந்த இச்செய்தித் தொழில் இன்று விண்வெளியை எட்டியிருக்கிறது. தற்காலப் படைகள் செய்மதி வழியாக எவ்வாறு பேசிக்கொள்கின்றன, அதனால் அவை பெற்ற வலிமை யாது, அவ்வலிமையோடு உடன்வந்த இடர் யாது என்பனவற்றை இன்று ஆராய்வோம்.

முதற்கண், செய்மதி தோன்றுமுன் நிகழ்ந்த ஒன்றைக் குறிப்பிடுதல் பொருத்தமாகும். 1914 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பிரித்தானியா முதலாம் உலகப் போரில் இறங்கியது. இறங்கிய மறுநாளே பிரித்தானியக் கப்பல் ஒன்று, கடலடியிற் கிடந்த ஜேர்மனியின் தந்தி வடங்களை அறுத்தது. சொந்த வடம் இழந்த ஜேர்மனி பிறர் வழிகளை நாடவேண்டியதாயிற்று. 1917 சனவரியில் அதன் வெளிநாட்டமைச்சர் சிம்மர்மன், மெக்சிக்கோவை அமெரிக்காவுக்கு எதிராகத் தம் பக்கம் சேர்க்கக் கருதி ஓர் இரகசியத் தந்தி விடுத்தார். அது சென்ற வழி எது? சமாதானப் பேச்சுக்கென அமெரிக்கா இரவலாக வழங்கியிருந்த அதன் சொந்தத் தந்தி வழியே! அவ்வழி இலண்டனூடாகச் சென்றமையால், பிரித்தானியர் தந்தியைக் கைப்பற்றிச் சங்கேதத்தை அவிழ்த்துப் படித்தனர். அது வெளியான மறுமாதமே அமெரிக்கா போரில் இறங்கியது. செய்தி இரகசியமானதா என்று மட்டும் பார்த்தாற் போதாது. அது செல்லும் வழி யாருடைய கையில் இருக்கிறது என்பதையும் பார்த்தல் வேண்டும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டு செய்மதிக்கு வருவோம்.

வானொலி அலை நேர்கோட்டிற் செல்லும் இயல்புடையது. மலை குறுக்கிட்டால் தடைப்படும். உலகின் வளைவு காரணமாகத் தூரத்தை எட்டாது. சிற்றலையோ மேல்வளியிற் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் செல்லும். ஆனால், இரவில் தெளிவாகக் கேட்ட நிலையம் பகலில் மங்கி மறைவதை, சிற்றலை கேட்டுப் பழகிய நேயர்கள் நன்கறிவர். அத்தகைய நிலையில்லா வழியை நம்பிப் படை நடத்துதல் எளிதன்று. எனவே, உயரத்தில் ஓர் அஞ்சல் நிலையத்தை நிறுத்தினால் என்ன என்ற எண்ணம் எழுந்தது.

இவ்வெண்ணத்தைக் கணக்கிட்டுக் காட்டியவர் நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையவர். போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையின் ரேடார்ப் பணியில் ஈடுபட்டிருந்த ஆர்தர் சி. கிளார்க், 1945 ஒக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்னும் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மத்திய கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் பொருள், பூமி தன்னைத்தான் ஒருமுறை சுற்றும் அதே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும். ஆதலால் அது வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். அவ்வாறு மூன்று நிலையங்களை நிறுத்தினால் துருவங்கள் நீங்கலாக உலகம் முழுவதையும் இணைக்கலாம் என்று அவர் காட்டினார். 1956 இல் இலங்கையிற் குடியேறிய அவர், 2008 மார்ச் மாதத்திற் கொழும்பிற் காலமானார்.

1957 ஒக்டோபர் 4 ஆந் தேதி சோவியத் ஒன்றியம் முதற் செய்மதியை ஏவியது. அதன்பின் பத்தாண்டும் நிறையுமுன்னரே செய்மதி படைத்துறைப் பணியில் அமர்ந்தது. 1966 சூனில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தன் தொடர்புச் செய்மதித் தொகுதியை ஏவத் தொடங்கியது. வியட்நாம் போரின்போது சைகோனில் இருந்து வேவுப் படங்கள் இச்செய்மதிகள் வழியாக வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டன. களத்துக்கும் தலைநகருக்கும் இடையிலிருந்த தூரம் இவ்வாறு சுருங்கலாயிற்று.

1991 இல் நிகழ்ந்த வளைகுடாப் போரில் இதன் பயன் முழுமையாக வெளிப்பட்டது. பாலைநிலத்தில் விரைந்து முன்னேறும் கவசவாகனங்களின் பின்னே கம்பி இழுத்துச் செல்ல இயலுமா? செய்மதியே அவற்றுக்குக் கம்பியாயிற்று. அமெரிக்கா தன் படைச் செய்மதிகள் போதாமையால் வாணிகச் செய்மதிகளிலும் இடம் வாடகைக்குப் பெற்றது. படைக்கும் வாணிகத்துக்கும் இடையிலான எல்லை அன்றே மங்கத் தொடங்கியது எனலாம்.

அதற்கடுத்த கட்டம் ஆளில்லா விமானம். அமெரிக்காவின் நெவாடாவில் ஓர் அறையில் அமர்ந்த விமானி, ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் பறந்த விமானத்தைச் செய்மதி வழியே செலுத்தினார். ஆனால் இயற்கையின் விதி ஒன்று இங்கே குறுக்கிடுகிறது. 36,000 கிலோமீற்றர் ஏறி, மீண்டும் அத்தூரம் இறங்க, ஒளியின் வேகத்திற் செல்லும் அலைக்கும் ஏறக்குறையக் கால் செக்கன் வேண்டும். கேள்வி சென்று மறுமொழி மீள அரைச் செக்கன். இக்காரணத்தால், விமானத்தை ஏற்றுதலும் இறக்குதலும் போன்ற நுண்ணிய செயல்களைக் களத்துக்கு அருகில் உள்ளவர்களிடமே விட்டனர்.

இனி இடர்களை நோக்குவோம். வானிலிருந்து இறங்கும் அலை ஒருவருக்கென மட்டும் இறங்குவதில்லை. பரந்த நிலப்பரப்பில் மழைபோற் பெய்கிறது. ஈராக்கிய கிளர்ச்சியாளர், 26 டொலருக்கு விற்கப்பட்ட சாதாரணக் கணினி நிரல் ஒன்றைக் கொண்டு, அமெரிக்க ஆளில்லா விமானங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தனர் என்பது 2009 டிசம்பரில் வெளியாயிற்று. அப்படங்கள் சங்கேதமாக்கப்படாமையே காரணம். மேலும், பேசுபவன் தன் இருப்பிடத்தையும் உடன் அறிவித்துவிடுகிறான். செச்சினியத் தலைவர் துடாயெவ் 1996 ஏப்பிரலில் செய்மதித் தொலைபேசியிற் பேசிக்கொண்டிருந்தபோதே, ருஷ்ய ஏவுகணையால் கொல்லப்பட்டார்.

இவற்றினும் பெரிய பாடத்தை உக்ரேன் போர் புகட்டியது. 2022 பெப்ரவரி 24 ஆந் தேதி ருஷ்யப் படைகள் புகுவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு முன், உக்ரேனின் படையினரும் மக்களும் பயன்படுத்திய வயாசற் நிறுவனத்தின் செய்மதி வலையமைப்பு தாக்கப்பட்டது. செய்மதியை எவரும் சுடவில்லை. தரையிலிருந்த பல்லாயிரம் மோடங்களைக் கணினிவழித் தாக்குதலாற் செயலிழக்கச் செய்தனர். அதன் விளைவாக ஜேர்மனியிலும் அயலிலும் ஏறத்தாழ 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் தொடர்பும் அறுந்தது. போரிற் பங்கு கொள்ளாத நாட்டின் ஆலையும் இவ்வாறு தாக்குண்டது. ஐரோப்பிய ஒன்றியமும் பிரித்தானியாவும் அமெரிக்காவும் இத்தாக்குதலுக்கு ருஷ்யாவே பொறுப்பென 2022 மே மாதத்தில் அறிவித்தன.

அறுந்த கம்பிக்கு மாற்றாக வந்தது ஸ்டார்லிங்க் என்னும் வாணிகச் சேவை. 2022 இல் இதன் செய்மதிகள் ஏறக்குறைய 550 கிலோமீற்றர் உயரத்திலேயே சுற்றின. ஆகவே தாமதம் மிகக் குறைவு. ஆனால் அவை ஓரிடத்தில் நில்லாது விரைந்து கடப்பதால், ஆயிரக்கணக்கில் அவை வேண்டும். உக்ரேனிய அமைச்சர் ஒருவர் பெப்ரவரி 26 இல் பகிரங்கமாக வேண்டினார். சில மணி நேரத்திற் சேவை கிடைத்தது. இரு நாளிற் கருவிகளும் வந்தன. போர்முனையில் தட்டளவான கருவியொன்று ஒரு படைப்பிரிவின் நாவும் செவியுமாயிற்று.

ஆயின் அதன் மறுபக்கமும் உண்டு. கிறைமியாவின் செவஸ்தபோல் வரை சேவையை இயக்குமாறு விடுக்கப்பட்ட அவசர வேண்டுகோளுக்குத் தாம் இணங்கவில்லை என்று, அந்நிறுவனத்தின் தலைவர் ஈலோன் மஸ்க் 2023 செப்தெம்பரில் வெளியிட்டார். இணங்கியிருப்பின் தம் நிறுவனம் பெரும் போர்ச்செயலுக்கு உடந்தையாகியிருக்கும் என்பது அவர் கூறிய காரணம். அம்முடிவு போர் பரவாமற் காத்தது என்பாரும் உளர். தன் நாட்டைக் காப்போரின் கையைக் கட்டியது என்பாரும் உளர். எது சரியாயினும், ஒரு நாட்டின் போர்ச்செயல் எதுவரை செல்லலாம் என்பதைப் பாராளுமன்றமோ தளபதியோ அன்றி, வேற்றுநாட்டு வணிகர் ஒருவர் தீர்மானித்தார் என்பதை மறுத்தல் இயலாது. 1917 இல் இரவல் தந்தி வழியை நம்பிய ஜேர்மனியை இங்கு நினைவுகூர்க. அன்று அவ்வழி செய்தியைக் காட்டிக்கொடுத்தது. இன்று அது திறக்கவும் மறுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் ஏறக்குறைய 290 செய்மதிகளைக் கொண்ட சொந்தத் தொகுதிக்கென 2024 டிசம்பரில் ஒப்பந்தம் செய்தமை இவ்வச்சத்தின் விளைவே என்பது என் கருத்து.

செல்வமுள்ள நாடுகள் சொந்த வழி அமைத்துக்கொள்ளும். எம்போன்ற சிறிய நாடுகள் யாது செய்யும்? போர்ப்பணி புரியும் வாணிகச் செய்மதியும் பதிலடிக்கு இலக்காகலாம் என்று ருஷ்யப் பிரதிநிதி 2022 இல் ஐக்கிய நாடுகள் அவையிற் கூறினார். 2021 நவம்பரில் ருஷ்யா தன் பழைய செய்மதி ஒன்றைத் தானே தகர்த்தபோது, 1,500 க்கு மேற்பட்ட சிதறல்கள் விண்ணிற் பரவின. சிதறலுக்கு நண்பனும் இல்லை, பகைவனும் இல்லை. போர்க்கட்டளை ஏந்தும் செய்மதியையும், புயல் வருவதைக் கண்டு மீனவனை எச்சரிக்க உதவும் செய்மதியையும் அது வேறுபடுத்தி அறியாது. அழிவை விளைக்கும் இத்தகைய சோதனைகளைச் செய்யாதிருக்குமாறு 2022 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 155 வாக்குகளால் வேண்டிக்கொண்டது. வேண்டுகோள் சட்டமன்று, ஆயினும் சட்டத்துக்கு அதுவே வாயில்.

1967 ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் அணுவாயுதங்களைப் பூமியைச் சுற்றி நிறுத்துதலை விலக்கியது. செய்தி சுமக்கும் செய்மதி பற்றியும், அதனை நடத்தும் வணிகரின் பொறுப்புப் பற்றியும் தெளிவான விதிகள் இனித்தான் வகுக்கப்படவேண்டும். அவ்விதிகளை வகுக்கும் அவையிற் சிறிய நாடுகளும் அமர்ந்து பேசுதல் வேண்டும். உள்நாட்டில், ஒரு வழி அடைபட்டால் மறுவழி திறந்திருக்குமாறு, கடலடி வடத்தையும் பழைய வானொலியையும் கைவிடாது பேணுதல் வேண்டும். வான்வழி நமக்கு வேண்டியதே. அதன் திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்பதை அறியாது அதனை மட்டும் நம்பியிருத்தல் அறிவுடைமை ஆகாது.