ஒற்றைக்குழல் துப்பாக்கியில் ஆட்டம்

தேவதானத்தில் சாஸ்தா கோயிலுக்குப் போகும் வழியில் தோப்பு வைத்திருப்பவர்களுக்குக் காட்டுப்பன்றித் தொல்லை புதிதல்ல. பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி சில வீடுகளில் தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறது. அவற்றைப் பழுது பார்க்கும் உரிமம் பெற்றவன் நான். அடிக்கடி என்னிடம் வரும் கோளாறு, ஆட்டம்.

மடக்கித் திறக்கும் துப்பாக்கியை மூடினால் தோட்டாவின் அடிப்பக்கத்தைப் பின்சுவர் ஒட்டித் தாங்க வேண்டும். கீல் ஆணி தேய்ந்தால் குழல் ஆடும், அங்கே இடைவெளி விழும். வெடிக்கும்போது தோட்டா பின்னால் போய் மோதும். அதன் அடி கிழிந்தால் கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்துக்குத்தான் வரும்.

ஒரு பெரியவர் கொண்டுவந்த துப்பாக்கி கெட்டியாக மூடியது. ஆனாலும் சுட்ட தோட்டாவின் அடியில், மருந்தைப் பற்றவைக்கும் கேப் வெளியே பிதுங்கியிருந்தது; இடைவெளி இருப்பதன் அடையாளம் அது. விளக்குப் புகையில் பின்சுவரைக் கறுப்பாக்கி, மூடித் திறந்து பார்த்தேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் இதுதான், நேயர்களே! இரும்பும் இரும்பும் தொடும் இடத்தில் மட்டும் கரி அழியும். அன்று கீழோரத்தில் ஒரு கீற்று அழிந்திருந்தது, அவ்வளவுதான். மேலே கரி அப்படியே இருந்தது. கழற்றினால் கீலுக்குள் பித்தளைத் தகடு! யாரோ வீட்டிலேயே சொருகியது. ஆட்டம் மறைந்திருந்தது, இடைவெளி மறையவில்லை. பருமன் கூடிய ஆணி கடைந்து போட்டு, மறுபடி கரி பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் சீவி, கரி வட்டமாக அழியும்வரை விடவில்லை. முழு நாளும் அதற்கே போனது. அவசரத்தில் ஒரு இழுப்பு கூடினால் இரும்பு திரும்பி வராது.

சுட்டுச் சோதிப்பது பற்றிச் சொல்ல நேரமில்லை. ஒன்று மட்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, பழுது பார்க்கவும் சோதிக்கவும் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குச் செல்லாது.

உங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தால் தோட்டா இல்லையென்று இருமுறை பார்த்துவிட்டு, மூடி லேசாக அசையுங்கள். கடகடவென்றால், அல்லது சுட்ட தோட்டாவில் கேப் பிதுங்கியிருந்தால், அதோடு நிறுத்திவிடுங்கள். தகடும் சுத்தியலும் வேண்டாம். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.