வாசலில் ஒரு முழ நிலம்



கண்டி மாநகரிலிருந்து தெற்கு நோக்கி, மகாவலி கங்கையின் கரையை அடுத்து வருகின்ற வழியிலே கம்பளை அமைந்திருக்கின்றது. 1341ஆம் ஆண்டில் அரசு கட்டிலேறிய நான்காம் புவனேகபாகுவின் காலத்திலே இது ஓர் அரசின் தலைநகரம். இன்று கடைத்தெருவும் புகையிரத நிலையமும் பேருந்துகளின் இரைச்சலும் உள்ள மலையடிவாரப் பட்டணம். இயற்கை எழிலை நாடி இப்பக்கம் வருவோர் பெரும்பாலும் இரண்டு இடங்களை விசாரிப்பர். ஒன்று, 3,500 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அம்புலுவாவ மலை. மற்றையது, வழியிலே பேராதனையில் மகாவலி வளைந்து சூழ நிற்கும் தாவரவியற் பூங்கா. 1821இல் தொடங்கப்பட்ட அது 147 ஏக்கர் பரப்புடையது.

இரண்டையும் நான் கண்டிருக்கிறேன். கண்டு மகிழ்ந்தும் இருக்கிறேன். ஆனால் ஆண்டிலே ஒரு நாள் காண்கின்ற அழகு, எஞ்சிய நாட்களுக்குப் போதுமாவதில்லை. இன்று நான் சொல்ல வந்தது ஒரு முழ அகலமுள்ள நிலத்தைப் பற்றி.

கம்பளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்திலே பிறந்து வளர்ந்தவன் நான். இந்த மலைகளிலே 1820களில், கம்பளையை அடுத்த சிங்கபிட்டியவில், ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பி பயிரிட்டார். பின்னர் கோப்பி நோயுற்று அழிய, தேயிலை வந்தது. இந்தப் பயிர்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாங்கள். லயக் காம்பராவின் கூரை தோட்டத்துக்குச் சொந்தம். சுவர் தோட்டத்துக்குச் சொந்தம். காலடியில் உள்ள மண்ணும் அவ்வாறே. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர் எங்களிற் பெரும்பாலானோருக்கு நாடு என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றிருக்கவில்லை.

அத்தகைய வாசலிலே, படிக்கல்லுக்கும் கானுக்கும் இடையே எஞ்சிய துண்டு நிலத்தில் என் அன்னையார் ஒரு தோட்டம் வைத்திருந்தார். தோட்டம் என்று சொன்னால் நீங்கள் நகைப்பீர்கள். ஒரு துளசி, ஒரு கறிவேப்பிலைக் கன்று, தகரப்பேணியிலே பத்துமணிப்பூ, கானின் ஓரமாக மஞ்சட் செவ்வந்தி. அவ்வளவுதான்.

விடியுமுன் பெரட்டுக்குப் போனவர் மாலையிலே திரும்புவார். சேலை நனைந்திருக்கும், காலிலே அட்டை கடித்த குருதி உலர்ந்திருக்கும். ஆனாலும் உடனே உள்ளே வரமாட்டார். அந்தச் செடிகளின் அருகே சற்று நேரம் நிற்பார். பழுத்த இலை ஒன்றைக் கிள்ளி எறிவார். தேநீருக்காகக் காத்திருக்கும் எங்களுக்குக் கோபம் வரும். நாள் முழுவதும் பச்சையின் நடுவிலேயே நின்றவருக்கு இன்னும் என்ன பச்சை வேண்டியிருக்கிறது என்று எண்ணுவேன்.

காரணம் விளங்கப் பல ஆண்டுகள் சென்றன. மலையிலே அவர் கண்ட பச்சை இறாத்தற் கணக்கிலே நிறுக்கப்படும் பச்சை. புகையிரதத்தின் யன்னலோரம் அமர்ந்து வருகின்ற பயணி, பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கிறது என்று அதைப் புகழ்வார். கொழுந்து பறிப்பவரோ அன்று மாலை மடுவத்திலே தராசு என்ன சொல்லும் என்ற கவலையோடு அதைப் பார்ப்பார். வாசலிலிருந்த செவ்வந்தியை எவரும் நிறுக்கவில்லை. எவரும் பெயர் பதியவில்லை. அந்த நாளிலே அவர் வெறுமனே பார்ப்பதற்கென்று பார்த்தது அந்த ஒரு முழந்தான்.

இஃது ஏதோ ஏழை மனத்தின் ஆறுதல் என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. 1984ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் தமது ஆராய்ச்சியொன்றை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் உள்ள ஒரு மருத்துவமனையிலே பித்தப்பையில் அறுவைச் சிகிச்சை பெற்ற 46 நோயாளரின் பதிவேடுகளை அவர் ஆராய்ந்தார். பாதிப் பேரின் யன்னலுக்கு வெளியே சில மரங்கள். மறுபாதியினருக்குச் செங்கற் சுவர். மரங்களைக் கண்டவர்கள் ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். வலிக்கான கடுமையான மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. அங்கே இருந்தது பெருங்காடு அன்று. படுக்கையிலிருந்து தெரிகின்ற சில மரங்கள்.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எழுபதுகளிலே எங்கள் லயத்திலும் காம்பராக்கள் ஒவ்வொன்றாய் வெறுமையாயின. தலைமன்னாருக்குப் போகும் வண்டியை மலைநாட்டவர் ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தனர். அடுத்த காம்பராவில் இருந்த சின்னம்மா புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, தம் வாசலிலிருந்த செவ்வந்தியை வேரோடும் மண்ணோடும் பெயர்த்து வந்து அன்னையாரிடம் தந்தார். "அக்கா, இதுக்கு மட்டும் தண்ணி ஊத்திக்கிட்டு இருங்க" என்றார். சட்டி பானைகளையெல்லாம் விலை பேசி விற்றவர், இதற்கு விலை கேட்கவில்லை. அன்னையாரும் விலை கொடுக்க முனையவில்லை. அந்தச் செடி வெண்ணிறப் பூப் பூப்பது. எங்கள் மஞ்சளின் பக்கத்திலே அதற்கு இடம் ஒதுக்கப்பட்டது.

இப்போது நான் பட்டணத்திலே குடியிருக்கிறேன். முற்றம் முழுவதும் சீமெந்து. பிள்ளைகள் வசதிக்காகப் போட்டார்கள். குறை சொல்வதற்கில்லை, மழைக்காலத்திலே வழுக்காமல் நடக்கலாம். வீட்டின் பின்னே மண் சரியாதிருக்கக் கட்டிய கருங்கற் சுவர் ஒன்றுண்டு. அதன் வெடிப்பிலே ஒரு பன்னச்செடி தானாக முளைத்திருக்கிறது. விரித்த குடையளவு இடத்திலே பாசியும் பரந்திருக்கிறது. ஐப்பசி மாதத்துப் பிற்பகல் மழை ஓய்ந்ததும் வாங்கைப் போட்டு அதன் எதிரே அமர்வேன். முதற் சில நிமிடங்களில் ஒன்றும் தோன்றாது. கடன், மருந்து, பேரனின் பரீட்சை என்று மனம் அலையும். பிறகு மெல்ல மெல்லக் கண் பழகும். சுருண்டிருக்கும் இளந்தளிர் நேற்றைவிட ஒரு சுற்று அவிழ்ந்திருப்பது தெரியும். பாசியின் நுனிகளிலே நீர்த்துளிகள் தனித்தனியே நிற்கும். ஒரு நத்தை சுவரின் ஒரு கல்லைக் கடப்பதற்குள் வெளிச்சம் மங்கிவிடும். பேராதனைப் பூங்காவிலே இதை நான் கண்டதில்லை. அங்கே அடுத்தது என்ன என்று கால்கள் நடந்துகொண்டே இருந்தன. இங்கே நடப்பதற்கு இடமில்லை. ஆகையால் பார்க்க முடிகிறது.

தோட்டங்களிலே இப்போது குடும்பமொன்றுக்குக் காணியும் தனிவீடும் என்ற திட்டம் நடைபெற்று வருகின்றது. இன்னும் லயத்திலேயே இருப்போர் பலர். சென்ற மாதம் உறவினர் ஒருவரின் புதுவீட்டுக்குப் போயிருந்தேன். சுவருக்கு வெள்ளையடித்து முடியவில்லை. யன்னலுக்குக் கண்ணாடி வரவில்லை. வாசலிலே மட்டும், கற்களை வட்டமாக அடுக்கி, நடுவிலே துளசியும் இரண்டு செவ்வந்திப் பதியன்களும் நட்டிருந்தார்கள். வெள்ளையா மஞ்சளா என்று கேட்டேன். பூத்தால்தான் தெரியும் என்றார்கள்.