மாற்றுச் சிறுநீரகமும் எலும்பின் பலமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"நீங்க கிட்னி டாக்டர், கிட்னியைப் பத்தியே பேசுங்க" என்றார் நம் செயலாளர். நான் எலும்பைப் பற்றிப் பேசப் போகிறேன். காரணம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் 1971-ல் சிறுநீரக மாற்று அறுவை நடந்த காலத்தில், "புது சிறுநீரகம் நிலைக்குமா?" என்பதுதான் பெரிய கேள்வி. இன்று பத்து, இருபது ஆண்டுகள் மாற்றுச் சிறுநீரகத்தோடு நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அத்தனை காலமும் எலும்பு தாங்க வேண்டுமே!

சிறுநீரகம் கெட்டிருந்த வருடங்களிலேயே எலும்பு பாதி அடி வாங்கிவிடுகிறது. வைட்டமின் டி வேலை செய்யாது, பாஸ்பேட் தேங்கும், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி மிதமிஞ்சிச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கும். மாற்று அறுவைக்குப் பிறகும் அது சிலருக்கு அடங்குவதில்லை. அதன்மேல், புது உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் பிரெட்னிசலோன், எலும்பு கட்டும் செல்களை மந்தமாக்குகிறது. முதல் ஓராண்டில்தான் இழப்பு அதிகம். வலியே இருக்காது. மூட்டுத் தேய்மானம் வலிக்கும். ஆஸ்டியோபோரோசிஸ் என்னும் எலும்புப்புரை, எலும்பு முறிகிற வரை வாய் திறக்காது.

எங்கள் செட் நண்பர் ஒருவர், அறுவை முடிந்து எட்டாம் மாதம் டெக்ஸா ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்தார். டி ஸ்கோர் மைனஸ் 2.7. மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை என்பது கணக்கு. "வருஷத்துக்கு ஒரு ஊசி போட்டா போதுமாமே, போட்டுக்கட்டுமா?" என்றார். நான் மூன்று விஷயம் பார்க்கணும் என்றேன்.

முதலாவது, எலும்பு எந்த வகையில் கெட்டிருக்கிறது? எலும்பு என்பது ஓயாமல் மராமத்து நடக்கும் வீடு. பழைய காரையைக் கொத்துகிறவர் ஒருவர், புதிதாகப் பூசுகிறவர் ஒருவர். வழக்கமான மருந்துகள் கொத்துகிறவரை நிறுத்துகின்றன. சிறுநீரக நோயாளிகள் சிலருக்கு இரண்டு பேருமே வேலையை நிறுத்தியிருப்பார்கள். அங்கே இந்த மருந்தால் பயன் சந்தேகம்தான். ஸ்கேன் எண் இதைச் சொல்லாது. கால்சியம், பாஸ்பேட், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், ஆல்கலைன் பாஸ்படேஸ் ஆகிய ரத்தப் பரிசோதனைகள் ஓரளவு சொல்லும். அபூர்வமாக எலும்புத் துணுக்கே எடுத்துப் பார்க்க வேண்டிவரும்.

இரண்டாவது, புது சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது? வாராந்திர அலென்ட்ரோனேட் மாத்திரை, நண்பர் கேட்ட ஜோலிட்ரோனிக் ஊசி இரண்டையும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் 35-க்குக் கீழே போனால் பொதுவாகத் தருவதில்லை.

மூன்றாவது, தொடர முடியுமா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசிக்கு மேற்சொன்ன தடை இல்லை. ஆனால் சிறுநீரகம் மிகவும் மோசமாக இருந்தால் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். தவணை தவறினாலோ, மாற்று மருந்தில்லாமல் நிறுத்தினாலோ முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியக்கூடும். ஆரம்பிக்கும்போதே எப்படி முடிப்பது என்று திட்டம் வேண்டும்.

நண்பருக்குக் கிளியரன்ஸ் 58. வைட்டமின் டி குறைவு. பாராதைராய்டு ஹார்மோன் கொஞ்சம் அதிகம். முன்பு எலும்பு முறிந்ததில்லை. முதலில் வைட்டமின் டி-யைச் சரிசெய்து, பல் டாக்டரிடமும் காட்டிவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்து, மாத்திரை ஆரம்பிப்பது என்று அவரும் நாங்களும் சேர்ந்து முடிவெடுத்தோம். ஏற்கெனவே முறிந்திருந்தால் அவ்வளவு நிதானம் காட்டியிருக்க மாட்டோம். குழந்தை பெற எண்ணும் இளம்பெண் என்றாலும் யோசனை மாறும். இந்த மாத்திரை எலும்பில் பல ஆண்டுகள் தங்கிவிடும். ஆகவே அவருடைய முடிவை அப்படியே உங்கள் உறவினருக்குச் சொல்லிவிடாதீர்கள்!

மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்கணும். "காபிகூட கூடாதா?" என்றார். கூடாது, அரை மணி கழித்துத்தான் காபி. கால்சியம் மாத்திரையும் அதோடு சேரக்கூடாது.

எலும்புக்குக் கெடுதல் என்று பயந்து ஸ்டீராய்டைத் தானாக நிறுத்துவது, சிறுநீரகத்தையே இழக்கும் வழி. முதுகுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்குவதும் அப்படித்தான். தொடை இடுக்கில் வலி நீடித்தால் இடுப்பு எலும்பு முனைக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். அது வேறு நோய், வேறு வைத்தியம். உடனே காட்டுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டில், தெருவில் உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர் யாராவது இருப்பார். "எலும்பு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று மட்டும் கேளுங்கள். எந்த மருந்து என்பதை அவரும் அவருடைய டாக்டரும் உட்கார்ந்து பேசட்டும்.