படத்தில் தெரியாத சிவப்பு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



பயணப் புகைப்படம் என்றதும் நீலக் கடல், பச்சை மலை, சிரித்த முகத்தோடு நிற்கும் உள்ளூர்ப் பிள்ளைகள் ஆகியவைதாம் பலருக்கும் நினைவுக்கு வரும். இன்று எடுத்துக்கொள்ளப்படும் படங்களில் இவை எதுவும் இல்லை. நிறம்கூடக் கிடையாது. வறண்ட மண், கொஞ்சம் மரங்கள், நடுவே ஒரு வண்டித்தடம், அவ்வளவே. ஆயினும் இப்படங்களை எடுத்தவருக்கென்று 2015ஆம் ஆண்டில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தனிக் கண்காட்சியே நடத்தியது. வெறும் மண்ணில் அப்படி என்ன இருக்கிறது?

ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்மேற்கில் உள்ள நாடு அங்கோலா. அதன் தென்கிழக்கு மூலையில் குவாண்டோ குபாங்கோ என்ற மாநிலம் இருந்தது. அண்மையில்தான் அது இரண்டு மாநிலங்களாகப் பிரிக்கப்பட்டது. நம் தீபகற்ப மலேசியாவைப் போல் ஒன்றரை மடங்கு பரப்பு. மக்களோ மிகக் குறைவு. நாட்டை ஆண்ட போர்த்துக்கீசியர் அந்தப் பகுதிக்கு 'உலகத்தின் கோடியில் உள்ள நிலங்கள்' என்று பெயர் வைத்திருந்தனர். அதிகாரிகளே போக அஞ்சிய தூரம் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

1975ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி அங்கோலா விடுதலை பெற்றது. விடுதலை நாளுக்கு முன்பே உள்நாட்டுச் சண்டை தொடங்கிவிட்டது. அரசாங்கத்தின் பக்கம் கியூபாவும் சோவியத் யூனியனும் நின்றன. எதிர்த்தரப்பான யூனிட்டா இயக்கத்திற்கு அன்றைய வெள்ளையர் ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்காவும் அமெரிக்காவும் துணை நின்றன. 1987, 1988ஆம் ஆண்டுகளில் குயிட்டோ குவானவாலே என்ற சிற்றூரைச் சுற்றி நடந்த பெரும்போரில் வென்றது தாங்களே என்று இரு தரப்பும் இன்றுவரை சொல்லிக்கொள்கின்றன. 2002 பிப்ரவரியில் யூனிட்டா தலைவர் ஜோனாஸ் சவிம்பி கொல்லப்பட்டார். ஏப்ரலில் போர் நின்றது. 27 ஆண்டுகள்!

போர் நின்ற பிறகு அங்கே சென்றவர்தான் ஜோ ராக்ட்லிஃப் என்ற தென்னாப்பிரிக்கப் பெண்மணி. 1961இல் கேப் டவுனில் பிறந்தவர். இவர் வளர்ந்த காலத்தில் தென்னாப்பிரிக்காவின் வெள்ளை இளைஞர்கள் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டார்கள். 'எல்லைக்குப் போயிருக்கிறான்' என்பார்கள். அந்த எல்லை எங்கே இருக்கிறது, அங்கே யாரைச் சுடுகிறார்கள் என்பது வீட்டில் இருந்தவர்களுக்குச் சரியாகத் தெரியாது. 1980களில், அங்கோலா பற்றிப் போலந்து நாட்டுப் பத்திரிகையாளர் ரிசார்ட் கபுஸ்சின்ஸ்கி எழுதிய நூலைப் படித்தபோதுதான் அந்த நாட்டின்மீது இவருக்கு ஆர்வம் பிறந்தது. 2007இல் தலைநகர் லுவாண்டாவுக்குச் சென்றார். 2009, 2010ஆம் ஆண்டுகளில் தெற்கே உள்ள போர்க்களங்களுக்குப் பயணமானார். உடன் சென்றவர்கள் யார் தெரியுமா? முன்பு அதே மண்ணில் சண்டையிட்ட தென்னாப்பிரிக்க ராணுவத்தின் முன்னாள் வீரர்கள்.

குயிட்டோ குவானவாலேயின் புறநகரில் 2009இல் எடுத்த ஒரு படம். தலைப்பைப் படிக்காதவருக்கு அது ஆளில்லாத ஒரு திறந்த வெளி. தலைப்பைப் படித்தால்தான் தெரிகிறது, அடையாளம் ஏதும் வைக்கப்படாத கூட்டுப் புதைகுழி என்று. இன்னொரு படத்தில் ஒரு வீட்டுச் சுவரில் மூன்று முகங்கள்: பிடல் காஸ்ட்ரோ, அங்கோலாவின் முதல் அதிபர் அகோஸ்தினோ நேட்டோ, சோவியத் தலைவர் பிரெஷ்னேவ். 1975 வாக்கில் தீட்டப்பட்டவை. படம் எடுத்த 2009இல் மூவரில் இருவர் மறைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சோவியத் யூனியனும் இல்லை. சுவர் மட்டும் நின்றது.

கண்ணிவெடி புதைத்த காடுகளையும் இவர் எடுத்திருக்கிறார். இங்கேதான் கருப்பு வெள்ளையின் சங்கடம் வருகிறது. கண்ணிவெடி அகற்றுவோர் ஆபத்தான இடத்தைச் சிவப்பு வண்ணத்தால் குறிப்பது வழக்கம். கல்லின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. சிவப்புப் பக்கம் கால் வைத்தால் உயிர் போகலாம். வெள்ளைப் பக்கம் நடக்கலாம். கருப்பு வெள்ளை ஃபிலிமில் சிவப்பும் சாம்பல்தான், பச்சையும் சாம்பல்தான். எச்சரிக்கையும் புல்லும் ஒன்றுபோல் தெரியும். ஒரு பிள்ளையின் காலைக் காப்பாற்றும் நிறம் படத்தில் காணாமல் போய்விடுகிறது.

அப்படியிருந்தும் ஏன் கருப்பு வெள்ளை? வண்ணத்தில் எடுத்தால் அந்தக் காட்டின் நீல வானமும் பொன்னிறப் புல்லும் சுற்றுலாக் கையேட்டின் அட்டைக்குப் போய்விடும். பார்ப்பவர் 'ஆகா' என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார். நிறத்தை எடுத்துவிட்டால் கண் மண்ணைத் தேடுகிறது; மண்ணைத் தேடும் கண் தலைப்பைத் தேடுகிறது.

இந்த அச்சம் பழையது. மேக்னம் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ஜார்ஜ் ரோட்ஜர் 1945 ஏப்ரலில் ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குள் நுழைந்தார். கிடந்த பிணங்களைத் தம் கண் அழகாக வரிசைப்படுத்திப் படத்துக்குள் பொருத்துவதை உணர்ந்து திடுக்கிட்டார். போர்ப் படம் எடுப்பதை அதோடு நிறுத்திவிட்டு ஆப்பிரிக்காவுக்குப் பயணம் புறப்பட்டார். சாவு கிடக்கும் இடத்தில் அழகைத் தேடுவது எவ்வளவு சுலபம் என்பதை அந்தத் தொழிலில் இருந்தவரே கண்டு சொன்னது குறிப்பிடத்தக்கது.

கருப்பு வெள்ளையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2009இல் எடுத்த படமா, 1979இல் எடுத்த படமா என்று கண்டுபிடிக்க முடியாது. ஆப்பிரிக்கா என்றால் எப்போதும் சண்டை, எப்போதும் பசி என்று ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இத்தகைய படங்கள் தோதாகப் போய்விடும். ஆகவே ஆண்டும் ஊரும் எழுதாமல் ஒரு போர்நிலத்தின் படத்தை வெளியிடுவது பாதிப் பொய். ராக்ட்லிஃப் தம் தலைப்புகளில் ஊரையும் ஆண்டையும் எழுதுகிறார். இப்படங்களில் மனிதர்கள் மிகக் குறைவு என்ற குறையையும் தள்ளிவிட முடியாது. அந்த மண்ணில் மக்கள் இருக்கிறார்கள். மரவள்ளி நடுகிறார்கள், தண்ணீர் எடுக்கிறார்கள், வெடி இருக்குமோ என்று தெரியாத பாதையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். ஆளில்லாத காடாக அதைப் பார்த்துப் பழகிவிட்டால், அகற்றும் வேலைக்கு என்ன அவசரம் என்று தோன்றிவிடும்.

அடுத்த தொகுப்பை 2013இல் வெளியிட்டபோது ராக்ட்லிஃப் தம் சொந்த நாட்டுக்குள் வந்தார். அங்கோலாவிலும் நமீபியாவிலும் தென்னாப்பிரிக்க ராணுவத்துக்காகச் சண்டையிட்ட சான் இனத்து வீரர்களும் குடும்பங்களும் 1990இல் கிம்பர்லி நகருக்கு அருகே ஷ்மிட்ஸ்டிரிஃப்ட் என்ற இடத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் ராணுவக் கூடாரங்களில் பத்தாண்டுக்கும் மேல் கிடந்தார்கள். அங்கோலாவிலிருந்து வந்த இன்னொரு படைப்பிரிவினருக்குக் கிடைத்தது பாம்ஃபிரெட் என்ற பழைய ஆஸ்பெஸ்டாஸ் சுரங்க ஊர். யாருக்காகச் சண்டையிட்டார்களோ அந்த ஆட்சி 1994இல் போய்விட்டது. பிறந்த மண்ணுக்கு அவர்கள் எதிரியின் கூலிப்படை. எந்த ஊரும் அவர்களை 'வாருங்கள்' என்று அழைக்கவில்லை.

வேறு ஒரு படத்தையும் நேயர்கள் பார்த்திருப்பீர்கள். 1997 ஜனவரியில் இளவரசி டயானா, அங்கோலாவின் நடுப்பகுதியில் உள்ள ஹுவாம்போ நகரில், பாதுகாப்புக் கவசம் அணிந்து கண்ணிவெடி நிலத்தின் வழியே நடந்த வண்ணப் படம். உலகமே பார்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஆள்கொல்லிக் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் ஒட்டாவாவில் கையெழுத்தானது. அங்கோலாவும் கையெழுத்திட்டது. 2019இல் அவருடைய மகன் ஹேரி அதே இடத்துக்குப் போனபோது அங்கே ஒரு தெரு இருந்தது, வீடுகள் இருந்தன.

 உலகத்தின் கோடியில் உள்ள நிலங்களில் உள்ளூர்ப் பெண்களும் ஆண்களும் மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைச் சோதித்து வெடிகளை எடுத்து வருகிறார்கள். நாடு முழுவதையும் சுத்தம் செய்ய ஒப்பந்தப்படி அங்கோலாவுக்குக் கொடுக்கப்பட்ட கெடு ஒரு முறைக்கு மேல் நீட்டிக்கப்பட்டுவிட்டது. வெடி எடுத்து முடிந்த நிலத்தில் சிவப்புக் கற்களை அகற்றிவிடுவார்கள். மற்ற நிலத்தில் அவை அப்படியே இருக்கும்.