மாத்திரையின் பெயரை அறிவோம், மருந்தை நிறுத்தாதிருப்போம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

எச்.ஐ.வி. என்னும் சொல்லைப் பலர் கூடியுள்ள இடத்தில் உச்சரிக்கவே நாம் தயங்குகிறோம். அத்தயக்கத்தால் விளையும் ஒரு தீங்கினைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். இத்தொற்றுக்கு மருந்துண்பவர்களில் சிலர், அண்டை அயலார் அறிந்துவிடுவார்களோ என்று அஞ்சி, புட்டியில் ஒட்டியுள்ள தாளைக் கிழித்து எறிந்துவிடுகின்றனர். மாத்திரைகளை வேறொரு டப்பாவில் கொட்டி வைக்கின்றனர். மறுமாதம் வேறு நிறத்தில் மாத்திரை கிடைத்தால், இது போலியோ, மாறிவிட்டதோ என்று ஐயுறுகின்றனர். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பெயர் கையில் இல்லை. விளைவு, மருந்தையே நிறுத்திவிடுகின்றனர். உயிரைக் காக்கும் மருந்து, பெயரை இழந்ததனால் பயனற்றுப் போகின்றது.

நிறம் ஏன் மாறுகின்றது? இம்மருந்துகளைப் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன என்பதே காரணம். 2001ஆம் ஆண்டுக்கு முன்னர், மேலை நாட்டு நிறுவனங்களின் கூட்டு மருந்துக்கு ஒருவருக்கு ஓராண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவாயிற்று. அவ்வாண்டில் இந்தியாவின் சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டொன்றுக்கு 350 டாலர் விலையில் அம்மருந்தினைத் தர முன்வந்தது. 2017இல் இன்னும் சிறந்த கூட்டு மருந்தொன்றை ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 75 டாலருக்கு வழங்க உடன்பாடு ஏற்பட்டது. நம் நாட்டில் 2004 ஏப்ரல் முதல் அரசே இதனை இலவசமாக வழங்கி வருகின்றது. தாம்பரம் காசநோய் மருத்துவமனை, இத்திட்டம் முதலில் தொடங்கப்பெற்ற இடங்களுள் ஒன்று. பல நிறுவனங்கள் போட்டியிட்டுத் தயாரித்தமையால்தான் விலை குறைந்தது. ஆகவே, நிறமும் வடிவமும் மாறுவது இயல்பே. அதனை மட்டும் கொண்டு போலி என முடிவு செய்தல் தகாது.

அவ்வாறாயின் மாத்திரையை எவ்வாறு அடையாளம் காண்பது? நிறுவனம் சூட்டும் வணிகப்பெயரைப் பாராதீர்கள். பொதுப்பெயரையும், அதனருகே உள்ள மில்லிகிராம் அளவையும் பாருங்கள். இன்று அரசு மையங்களில் பெரும்பாலோருக்கு வழங்கப்பெறுவது மூன்று மருந்துகள் அடங்கிய ஒரே மாத்திரையாகும். டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. என்பனவே அம்மூன்று. நாளொன்றுக்கு ஒன்று. எந்நிறுவனத்தின் புட்டியாயினும் இப்பெயர்களும் அளவுகளும் பொருந்தினால் மருந்து ஒன்றே. பொருந்தாவிடின், உண்ணுமுன் மையத்திலேயே கேட்டுத் தெளிவு பெறுக. தொகுதி எண், காலாவதி நாள், தயாரிப்பாளர் பெயர் ஆகியனவும் புட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். எனவே மாத்திரையை அதன் புட்டியிலேயே வைத்திருங்கள். ஒட்டுத்தாளைக் கிழித்தே தீரவேண்டிய நிலையிலிருப்போர், அப்பெயர்களையும் அளவுகளையும் ஒரு சிறு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்வது நலம். திடீரென மயங்கி விழுந்தால் மருத்துவருக்கு அத்தாளே வழிகாட்டும்.

பெயரை அறிவதில் இன்னுமொரு பயன் உண்டு. ஒவ்வொரு மருந்துக்கும் அதற்கே உரிய பக்கவிளைவு உள்ளது. டோலுடெக்ராவிர் உண்போரில் சிலருக்குத் தலைவலியும் உறக்கமின்மையும் தோன்றலாம். இவை பெரும்பாலும் நாளடைவில் தணியும். சிலருக்கு உடல் எடை கூடும். சிலருக்கு இரத்தச் சர்க்கரை உயரலாம். டெனோஃபோவிர் சிலருடைய சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கக்கூடும்; ஆதலால்தான் இரத்தப் பரிசோதனைக்கு வருமாறு மையத்தினர் வற்புறுத்துகின்றனர். ஜிடோவுடின் இரத்தசோகையை உண்டாக்கலாம். எஃபாவிரென்ஸ் தலைச்சுற்றலையும் விபரீதக் கனவுகளையும் தரலாம். நெவிராபின் உண்போருக்குத் தோலில் தடிப்பும் கல்லீரல் அழற்சியும் நேரலாம். முற்காலத்தில் பெரிதும் வழங்கிய ஸ்டாவுடின் கன்னத்தை ஒட்டச் செய்தது. பாதங்களில் எரிச்சலைத் தந்தது. அதனைப் படிப்படியாகக் கைவிடுமாறு 2009இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அன்று கண்ட ஒட்டிய முகங்களை நினைவிற்கொண்டு இன்றைய மருந்துக்கும் அஞ்சுதல் வேண்டா.

சில அறிகுறிகளைக் கண்டால் தாமதம் கூடாது. காய்ச்சலுடன் கூடிய தோல் தடிப்பு, வாய்ப்புண், கண்கள் மஞ்சளாதல், மூச்சுத் திணறல், சிறுநீர் பெரிதும் குறைதல் ஆகியன தோன்றினால் அன்றே மருத்துவரை அணுகுக. குறிப்பாக, அபாகாவிர் என்ற மருந்தினால் ஒவ்வாமை ஏற்பட்டு நிறுத்தப்பட்டவர், அதனை மீண்டும் ஒருபோதும் உண்ணலாகாது. அது உயிருக்கே ஆபத்தாக முடியும். அப்பெயரை அறியாதவர் எங்ஙனம் தம்மைக் காத்துக்கொள்வார்?

பிற மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். நெஞ்செரிச்சலுக்கு உண்ணும் அமிலநீக்கி மருந்து டோலுடெக்ராவிரின் ஆற்றலைக் குறைத்துவிடும். அதனை உண்பதற்கு 2 மணி நேரம் முன்னரோ, உண்டு 6 மணி நேரம் கழித்தோ இம்மாத்திரையை உண்ணவேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகள் உண்போரும் நேரத்தைக் கேட்டறிக. நீரிழிவுக்கான மெட்ஃபார்மினின் அளவைக் குறைக்க நேரலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் உண்போருக்கு டோலுடெக்ராவிர் 50 மி.கி. மாத்திரை தனியே இன்னொரு வேளை தரப்பெறும். அது தவறுதலாகத் தந்ததன்று.

அன்பர்களே! பக்கவிளைவு வந்தால் மருத்துவரிடம் உரைப்பதே தீர்வு. தாமாக நிறுத்துவது தீர்வாகாது. விட்டுவிட்டு உண்டால் கிருமி மருந்தை எதிர்க்கும் வல்லமை பெற்றுவிடும். மஞ்சள்காமாலை பி வகைத் தொற்றும் உடையவர் திடீரென நிறுத்தினால், கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம். நோன்பு நாட்களிலும் நிறுத்தவேண்டியதில்லை. நாளுக்கொரு மாத்திரை என்பதால், மருத்துவரைக் கேட்டு இஃப்தாருக்குப் பின்னரோ சஹரிலோ நேரம் அமைத்துக்கொள்ளலாம். ஒழுங்காக உண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடித்தால், தாம்பத்திய உறவின் மூலம் துணைவருக்கு அது தொற்றுவதில்லை என்பது இன்று உறுதிப்பட்ட உண்மை.

இறுதியாக, தொற்றில்லாத நமக்கும் ஒரு கடமை உண்டு. ஒட்டுத்தாளைக் கிழிப்பது அவர்களுடைய கைகளாயினும், கிழிக்கச் செய்வது நம்முடைய நாவுகளே. தொற்றுடையோரைப் பாகுபடுத்துவதையும், அவர்தம் நிலையை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடுவதையும் 2017ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கின்றது. அச்சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. ஐயமுள்ளோர் 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் பேசலாம். பிறர் வீட்டு அலமாரியிலுள்ள புட்டியைத் துருவி ஆராயாதிருப்போம். நம்மை நம்பி ஒருவர் சொன்னால், அதனை நம்மோடு வைத்துக்கொண்டு, அடுத்த மாத மருந்து வாங்கத் துணைக்குச் செல்வோம்.