ஏட்டிலே உதவி! இலையிலே வெறுமை!

(மாதனூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோல் பதனிடும் சுண்ணாம்புத் தொட்டியிலே கால் தேய நிற்கிறார் தந்தை. ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையிலே தையல் பொறியின்முன் குனிந்திருக்கிறார் தாய். எதற்காக? தம் பிள்ளை தொட்டியில் இறங்கக்கூடாது, ஏட்டைத் தொடவேண்டும் என்பதற்காக!

அந்தப் பிள்ளைக்கு உதவித்தொகை உண்டு, மறுக்கவில்லை. எவ்வளவு? ஒன்றிய அரசின் 2021ஆம் ஆண்டு நெறிமுறை வகுத்த கணக்கைச் சொல்கிறேன். ஆதிதிராவிட மாணவன் பி.ஏ. படிக்கிறான். விடுதியில் தங்கினால் ஆண்டுக்கு 6,000 ரூபாய். வீட்டிலிருந்து போய் வந்தால் 3,000. அதாவது மாதம் 250. நாளொன்றுக்கு எட்டு ரூபாய்ச் சொச்சம்! மாதனூர்ச் சாலையோரக் கடையிலே ஒரு குவளைத் தேநீருக்கே அது காணுமா?

மாநில அரசு, 2023இல் கல்லூரி விடுதி மாணவரின் உணவுப்படியை 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக்கியது. வரவேற்றோம், வகுத்தும் பார்த்தோம். மூன்று வேளைக்கு ஐம்பது ரூபாய்! 2022இல் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வந்தது. 2024இல் மாணவருக்கும் அதே 1,000. நல்ல திட்டம்தான். ஆனால், அந்த இரண்டாண்டிலே அரிசி விலை ஏறிற்று, ஆயிரம் அசையவில்லை!

நானும் கல்லூரி வாசலை மிதித்தவன், முடிக்காதவன். வேலூரிலே அறை வாடகைக்கு வழியின்றி இரண்டாம் ஆண்டிலேயே மூட்டை கட்டினேன். உதவித்தொகை வந்தது தோழர்களே, நான் ஊர் திரும்பிய ஏழாம் மாதத்திலே! பணம் வந்தது, படிக்க மாணவன் இல்லை! இதை நாடகத்திலே வைத்தால் கைதட்டுவீர்கள். எனக்கோ இது வாழ்க்கை.

விலை ஏறினால் அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி உயர்கிறது. நியாயம்! ஆனால் ஒன்று கேட்கிறேன்: கடைக்காரர் ஊழியருக்கு ஒரு விலையும் மாணவனுக்கு ஒரு விலையுமா சொல்கிறார்?

1920ஆம் ஆண்டிலேயே, பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவளிக்கத் தீர்மானித்தது. பள்ளிக் கதவைத் திறந்தால் மட்டும் போதாது, பசித்த வயிற்றையும் பார்க்கவேண்டும் என்று நூறாண்டுக்கு முன்பே உணர்ந்த நாடு இது! பள்ளிக்குப் பொருந்திய நீதி கல்லூரிக்குப் பொருந்தாதா?

ஆகவே கேட்கிறோம்: உதவித்தொகையை விலைவாசியோடு இணையுங்கள்! கல்வியாண்டின் முதல் மாதத்திலேயே வழங்குங்கள்! சுண்ணாம்புத் தொட்டியிலே தேய்ந்த கால்கள் வந்து கேட்கின்றன; இரக்கத்தை அல்ல, கணக்கை!