கை காட்டுமுன் கண்ணால் பாருங்கள்

(செஞ்சியில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டம் முடியும் நேரத்தில் நாற்றங்கால் நடத்தும் குழு ஒன்றின் ஊக்குநர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். “மேடம், எங்க நர்சரிக்கு வெப்சைட் போட்டுக் குடுத்தீங்க. இப்போ மரம் கழிக்கிறவர் ஒருத்தர், தோட்டம் அமைச்சுத் தர்றவர் ஒருத்தர், ரெண்டு பேரும் வந்து ‘எங்க லிங்கை உங்க சைட்ல போடுங்க, உங்க லிங்கை நாங்க போடுறோம்’னு கேக்கறாங்க. போடலாமா, கூடாதா?” என்றார். அன்று பதில் சொல்ல நேரமில்லை. அதற்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் லிங்க் என்றால் என்ன? வெள்ளிக்கிழமை செஞ்சி வாரச்சந்தையில் நம்மிடம் வெற்றிலை வாங்குகிறவர், “பாக்கு எங்கம்மா நல்லா கிடைக்கும்?” என்று கேட்கிறார். “அதோ அந்தக் கடைக்குப் போங்க” என்று கை காட்டுகிறோம். அந்தக் கை காட்டல்தான் லிங்க். நம் வெப்சைட்டைப் பார்ப்பவர் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தால் நேராக அடுத்தவர் கடைக்குப் போய்விடுவார்.

இந்த மூன்று தொழிலும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. புதுசாக வீடு கட்டுகிறவர் நம்மிடம் வேப்பங்கன்றும் புங்கங்கன்றும் வாங்குகிறார். குழி எடுத்து, புல்தரை போட்டு, நடைபாதைக்குக் கல் பதிப்பவர் தோட்டம் அமைப்பவர். பத்து வருஷம் கழித்துக் கிளை மின்கம்பியில் உரசும்போது மரம் கழிப்பவர் வேண்டும். வாடிக்கையாளர் ஒருவரே, வேலைதான் வேறு. ஒருவருக்கொருவர் போட்டியும் இல்லை. ஆகவே ஒருவரை ஒருவர் கை காட்டுவது நியாயம்தான்.

இதில் இன்னொரு பலனும் உண்டு. 1998ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரண்டு பேர் கூகுளைத் தொடங்கினார்கள். நல்ல பெயருள்ளவர்கள் பலர் யாரைக் கை காட்டுகிறார்களோ, அவரைத் தேடுகிறவர்களுக்கு முன்னால் காட்டலாம் என்பது அவர்கள் யோசனை. நம் ஊரிலும் அப்படித்தானே? நாலு பெரியவர்கள் “அந்த வீட்டு மாட்டுப்பால் நல்லா இருக்கும்” என்றால் அங்கேதான் போவோம்.

ஆனால் சகோதரிகளே, நல்லது இருக்கும் இடத்தில் குறுக்கு வழியும் வந்துவிடும். லிங்க் இருந்தால் முன்னால் வரலாம் என்று தெரிந்ததும், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் லிங்கை மாற்றிக்கொண்டார்கள், விலைக்கும் வாங்கினார்கள். 2012 ஏப்ரலில் கூகுள் ‘பென்குயின்’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, அப்படிச் செய்த தளங்களைப் பின்னால் தள்ளியது. தேடலில் முன்னால் வருவதற்காக மட்டும் அளவுக்கு மீறி லிங்க் மாற்றிக்கொள்வது தவறு என்று அதன் விதிகளிலேயே இருக்கிறது. காசு வாங்கிப் போட்ட லிங்க் என்றால் அதைக் குறித்துக் காட்ட வேண்டும் என்பதும் விதி.

இந்தக் குறுக்கு வழியில் நானே ஒருமுறை விழுந்தேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. இதே குழுவின் வெப்சைட் தொடங்கிய புதிதில், “நூறு லிங்க் தருகிறோம், முதலிடம் நிச்சயம்” என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. யாரென்று விசாரிக்காமல் குழுப் பணத்தில் கட்டச் சொன்னேன். பதிலுக்கு அவர்கள் கொடுத்த லிங்குகளை எல்லாம் ஒரு பக்கத்தில் வரிசையாகப் போட்டேன். அதில் கடன் கொடுப்பவர், பரிசுச்சீட்டு நடத்துபவர், இன்னும் யார் யாரோ இருந்தார்கள். ஒரு ஆர்டரும் வரவில்லை. திண்டிவனத்திலிருந்து ஒருவர் போன் செய்து, “ஏம்மா, நீங்க கன்னு விக்கிறீங்களா, வட்டிக்கு விடுறீங்களா?” என்று கேட்டார். அன்றைக்கே அந்தப் பக்கத்தை எடுத்தோம். போன பணம் திரும்பவில்லை. அது என் தவறு.

இரண்டாவது அனுபவம் இன்னும் கசப்பானது. 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததை நாம் யாரும் மறக்க முடியாது. நம் மாவட்டத்தில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. புயலுக்குப் பிறகு நர்சரிக்குத் தினமும் போன். “மரம் சாஞ்சிருக்கு, கிளை ஒடிஞ்சி தொங்குது, ஆள் இருக்காங்களா?” குழுவினர் யாரோ சொன்ன ஒருவரின் எண்ணை வெப்சைட்டில் போட்டார்கள். அவர் வேலையை யாரும் பார்த்ததில்லை. அவர் ஒரு வீட்டில் நல்ல வேப்பமரத்தை உச்சியிலிருந்து மொட்டையடித்துவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்காரர் அவரைத் திட்டவில்லை. ஊக்குநரைக் கூப்பிட்டு, “உங்களை நம்பித்தானே கூப்பிட்டேன்” என்றார். அவர் சொல்லி வைத்திருந்த 200 கன்று ஆர்டரும் போய்விட்டது. அந்த மாதத் தவணையை உறுப்பினர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினார்கள்.

மொட்டையடித்தால் என்ன, மறுபடி துளிர்க்காதா என்று கேட்கலாம். துளிர்க்கும். ஆனால் பெரிய வெட்டுக்காயம் எளிதில் மூடாது, அதன் வழியாக உள்ளே அழுகல் இறங்கும். புதிதாகக் கொத்துக் கொத்தாக வரும் கிளைகளுக்குப் பிடிப்பு குறைவு. அடுத்த புயலில் அவைதான் முதலில் பிய்ந்து விழும். 1924ல் தொடங்கிய சர்வதேச மரப் பராமரிப்பாளர் சங்கமும் இப்படி வெட்டக்கூடாது என்றுதான் சொல்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையம் போலத் தடித்திருக்கும். அந்த வளையத்தைக் காயப்படுத்தாமல் அதற்கு வெளியே வெட்டுவதுதான் முறை.

ஆகவே என் பதில் இதுதான்: லிங்க் போடுங்கள், ஆனால் ஜாமீன் கையெழுத்து போடுவதுபோல் யோசித்துப் போடுங்கள். குழுவில் ஒருவருக்குக் கடன் கொடுக்கும் முன் எத்தனை கேள்வி கேட்கிறோம்? அத்தனையும் இங்கேயும் கேட்க வேண்டும்.

1. அவர் செய்த வேலையில் இரண்டையாவது நேரில் போய்ப் பாருங்கள். மரம் கழிப்பவர் என்றால் வெட்டின இடத்தைப் பாருங்கள். தோட்டம் அமைப்பவர் என்றால், மரத்தின் அடித்தண்டை மண்ணால் மூடியிருக்கிறாரா, சுற்றிலும் சிமெண்ட் பூசி நீர் இறங்க இடமில்லாமல் செய்திருக்கிறாரா என்று பாருங்கள்.

2. சட்டம் தெரிந்தவரா என்று கேளுங்கள். சாலையோர மரம், புறம்போக்கு மரம் எதிலும் அனுமதியில்லாமல் கை வைக்கக்கூடாது. பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021ல் அரசு அறிவித்தது. “அதெல்லாம் பாத்துக்கலாம்” என்பவரைக் கை காட்டாதீர்கள்.

3. இரண்டு மூன்று பேர் போதும். அவர் என்ன வேலை செய்வார், எந்த ஊர்வரை வருவார் என்று ஒரு வரி எழுதி அதில் லிங்கைக் கொடுங்கள். பெயர்களை மட்டும் வரிசையாக அடுக்குவதில் பயனில்லை.

4. “நீ போட்டால்தான் நான் போடுவேன்” என்ற பேச்சு வேண்டாம். நல்ல வேலைக்காரர் நம்மைப் போடாவிட்டாலும் நம் வாடிக்கையாளருக்கு அவரால் நன்மை உண்டு.

5. போன் வந்தால், “எங்களை எப்படித் தெரியும்?” என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் எந்த லிங்க் பயன்படுகிறது என்று தெரியும். எண் மாறியிருந்தாலோ, புகார் வந்திருந்தாலோ எடுத்துவிடுங்கள்.

6. யாரைப் போடுகிறோம், ஏன் போடுகிறோம் என்பதைக் கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். அவர்களும் நம்மை இதேபோல் பார்ப்பார்கள். வேர் பைக்குள் சுருண்டுபோன பழைய கன்றை நாம் விற்றால், தோட்டம் அமைப்பவர் பெயர் கெடும். நம் கன்று நன்றாக இருந்தால்தான் நம்மைக் கை காட்டுகிறவருக்கும் மரியாதை.

2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் காலத்து 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான். செஞ்சி என்று போனில் தேடுகிறவர்கள் கண்ணில் நம் நர்சரியும் படலாம். அவர்களுக்கு நம்மை நேரில் தெரியாது. நாம் யாரைக் கை காட்டியிருக்கிறோம் என்பதை வைத்துத்தான் நம்மை எடைபோடுவார்கள்.

கேள்வி கேட்ட குழுவினர் போன வாரம் மரம் கழிப்பவர் வேலை செய்த இரண்டு வீடுகளுக்குப் போய் வந்தார்கள். “வெட்டு சுத்தமா இருக்கு மேடம், குப்பையைக்கூட அள்ளிட்டுப் போயிருக்கார்” என்றார்கள். அவர் லிங்கைப் போடத் தீர்மானம் எழுதியாகிவிட்டது. தோட்டம் அமைப்பவர் வேலையை இன்னும் பார்க்கவில்லை. பார்க்கும்வரை அவர் காத்திருக்கட்டும்.